அளக்காமல் விட்ட உயரம்

பிக்கப்காரர் தன் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டிய அன்றே அந்த டயர்கள் வளரத் தொடங்கின. அப்போது அவர் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இடையில் சிமெண்ட் விலை ஏறியிருக்கிறது, தெருமுனையில் இருந்த சலூன் மருந்துக்கடையாகியிருக்கிறது, எதிர்வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்திருக்கிறது. இரண்டுக்கும் அவர் மேலேயிருந்தே கையாட்டி வாழ்த்துச் சொன்னார்.

வண்டியைச் சிங்காரித்துக்கொண்டு திரிகிற வயசா அவருக்கு? மகளைக் கட்டிக்கொடுத்த இடம் அப்படி. அவர் வீட்டுக்குப் பின்னால் சுவர்மாதிரி செங்குத்தாக எழும் பாறை. அதன் உச்சியில் கல்குவாரி. மாப்பிள்ளை அங்கே சூப்பர்வைசர். கொல்லையில் நின்று அண்ணாந்தால் மகள் வீட்டுச் சமையலறை ஜன்னல் பொட்டுபோலத் தெரியும். நேராகப் பார்த்தால் தலைக்கு மேலே, வழியில் போனால் மலையைச் சுற்றி, வறண்ட ஆற்றுக்குள் இறங்கி, ஆளுயரக் கற்களின் மேல் ஏறி இறங்கி ஒரு பகல் முழுக்க. அந்தப் பாதையில் குவாரி லாரி மட்டும்தான் போகும். அதன் சாவி மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இருந்தது. பெண் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம், "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார். சிரித்த முகமாகத்தான் சொல்வார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்த மாதங்கள் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டன.

ஒருநாள் மகள் யாரோ கிரஷர் தொழிலாளியின் போனை வாங்கிப் பேசினாள். "அப்பா, அவரு வேலைக்குப் போறப்ப வெளியில பூட்டிட்டுப் போறாருப்பா. கேட்டா உன் நல்லதுக்குத்தான்னு சொல்றாரு. எதுவும் கேக்காதீங்க. வந்து கூட்டிட்டுப் போங்க." அவர் எதுவும் கேட்கவில்லை. அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஆற்றுக்குள் முதல் வளைவிலேயே வண்டியின் வயிறு கல்லில் உட்கார்ந்துகொண்டது, நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுற்றின. டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்கள். மறுவாரம் மறுபடி போனார், மறுபடி அதே கல். முழங்கால் தேய்ந்த மனுஷன், நடந்து ஏறவும் வழியில்லை. பெற்ற வயிறு எரிகிறது என்று தாய்மார் சொல்வார்கள். அந்த ஒரு வாரம் அவருக்கும் எரிந்தது.

"வண்டியை நாலு விரக்கடை தூக்கினா போதும் மாமா, கல்லைத் தாண்டிரும்" என்றான் டயர்க்கடை வைத்திருந்த மச்சினன். மண்பாதைக்கென்றே செய்த, பட்டன் பட்டனாகப் புடைத்த பெரிய டயர்கள் நான்கைக் கொண்டுவந்தான். வெளியே மழை. அதனால் ஷெட்டுக்குள்ளேயே வேலையை வைத்துக்கொண்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தமான வேலை. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்பிரிங்குக்கு மேல் கட்டை கொடுத்து பாடியை உயர்த்தி, டயர் உரசுகிற இடத்தில் மட்கார்டை அறுத்து விளிம்பை மடக்கினார்கள். ரிம்மின் அகலம், டயருக்கும் பிரேக் பைப்புக்கும் உள்ள இடைவெளி என்று எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்தார்கள். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிப் பார்ப்பதற்காக பிக்கப்காரர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை, எங்கேயும் உரசவில்லை. மச்சினன் ஜாக்கியை இறக்கினான். வண்டி தன் புதுக் காலில் நின்றது. நின்றவுடன் கூரையில் டங்கென்று முட்டியது.

தகரம் மிச்சமாகட்டும் என்று பழைய டயரில் வண்டி நின்ற உயரத்துக்கு மேல் ஒரு சாணே கூட விட்டு, கொல்லையில் பாறையை ஒட்டி அவர் கையாலேயே போட்ட ஷெட் அது. அவர் மனைவி சத்தம் கேட்டு வந்து, அண்ணாந்து பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "எல்லாத்தையும் அளந்தீங்களே, வாசலை அளந்தீங்களா?"

காற்றை இறக்கினால் வண்டி இறங்கிவிடும் என்று மச்சினன் வால்வைப் பிடுங்கினான். காற்று வந்தது. ஒரு வாரம் நிற்காமல் வந்தது. அந்த மழைக்காலத்தில் தெருவே அவன் திறந்த வால்வுக்கு முன்னால் கொடி கட்டித் துணி உலர்த்திக்கொண்டது. டயர் மட்டும் ஒரு நூல்கூட இறங்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. கத்தியால் குத்திப் பார்த்தார்கள். காலையில் பார்த்தால் குத்திய இடமே தெரியவில்லை. கூரை மேலேயிருந்து அழுத்தியதால் வண்டியின் கதவு திறக்கவில்லை. பிறகு கூரையைப் பிய்த்துக்கொண்டு வண்டி மேலே போனபோது கதவு திறந்தது, ஆனால் அதற்குள் மாடிவீட்டு உயரம். ஏணி கட்டினார்கள். அவர் இறங்கக் காலை வெளியே வைத்தார். டயர்கள் சட்டென்று ஒரு முழம் வளர்ந்தன, ஏணி எட்டவில்லை. இன்னும் பெரிய ஏணி கொண்டுவந்தார்கள். காலை வைத்தார், இன்னொரு முழம். கயிறு கட்டினாலும், ஜன்னல் வழியாகத் தலையை விட்டாலும் கணக்கு ஒன்றுதான். உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தால் வண்டியும் சும்மா நின்றது.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வாகன ஆய்வாளர்கூட வந்து சுற்றிப் பார்த்தார். உயரக் கட்டுப்பாடு சாலையில் ஓடுகிற வண்டிக்குத்தான், இது ஓடவில்லையே என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். மனைவி வாளியில் சாப்பாடும் சார்ஜ் ஏற்றிய போனும் கட்டி அனுப்புவாள். மற்ற காரியங்களுக்கு இன்னொரு வாளி இருந்தது, அதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வாளியையும் ஏற்றும்போது, "வாசலை அளந்தீங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கயிற்றை விடுவாள்.

அவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளுகிற லீவர் துருப்பிடித்துக் கிடந்தது. வெயிலில் புது ரப்பர் வாடை நெஞ்சை அடைத்தது. கையை நீட்டினால் கண்ணாடி, காலை நீட்டினால் பெடல். மகளைக் கூட்டிவரக் கிளம்பியவன் இப்படிப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறேனே என்று சில நாள் ஹாரனில் நெற்றியை வைத்து அழுதார். தெருவில் உள்ளவர்கள் அந்தச் சத்தத்துக்கும் பழகிவிட்டார்கள். எவ்வளவு பழகினார்கள் என்றால், ஹாரன் கேட்டு ஸ்டவ்வை அணைக்கிறவர்களும் இருந்தார்கள். நடக்காது என்று தெரிந்தும் வாரம் ஒருமுறை இறங்கப் பார்ப்பார், முழம் முழமாக மேலே போவார். ஓடாமல் நின்ற வண்டியில் கிலோமீட்டர் மீட்டர் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

அப்படி இரண்டாவது வருஷம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் அவர் காதில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கீழேயிருந்து அல்ல, மேலேயிருந்து. அதன் பின்னால் ஒரு இருமல். மகளின் இருமல் அவருக்குத் தெரியாதா? கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டாமல், தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

"அப்பா?" என்றது மேலே. "உங்க வண்டிக் கூரை தெரியுதுப்பா! நீங்க எங்க நிக்கிறீங்க?"

"வீட்டுலதாம்மா."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்ததும் மனைவிக்கு போன் போட்டார். "இனிமே ஏணி, கயிறுன்னு யாரும் எதுவும் கொண்டுவர வேணாம். காத்தை இறக்குறேன்னு உன் தம்பி வால்வுகிட்ட வந்தா கையை உடைச்சிருவேன்னு சொல்லு." மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அழுதாள். அவரோ அன்றிலிருந்து ஒரு வேலையாக அதைச் செய்தார். காலையில் முகம் கழுவியதும் கதவைத் திறப்பார், வலது காலை அந்தரத்தில் வைப்பார், ஒரு முழம் ஏறும். காலை உள்ளே இழுப்பார், மறுபடி வைப்பார். முழங்கால் வீங்கியது. விட்டாரா? தைலத்தை வாளியில் வரவழைத்துத் தேய்த்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

மாப்பிள்ளை கெட்டிக்காரர். வாசலுக்கு இரண்டு பூட்டு போட்டிருந்தார், முன்பக்க ஜன்னலுக்குக் கனமான கம்பி வைத்திருந்தார். பள்ளத்தைப் பார்த்த சமையலறை ஜன்னலுக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து யார் வரப் போகிறார்கள்? ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஜன்னலுக்கு நேராக வண்டியின் இடப்பக்கக் கதவு வந்து நின்றது. மீட்டரைப் பார்த்தார். ஆற்றுவழியாக வந்திருந்தால் எத்தனை கிலோமீட்டரோ, அத்தனை ஓடியிருந்தது.

மகள் ஒரு துணிப்பையுடன் ஜன்னல் கட்டையில் ஏறினாள். இளைத்திருந்தாள். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அவள் உட்கார்ந்ததும் இரண்டு பேருக்கும் அழுகைதான் வந்தது. அதற்குள் வாசல் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். சமையலறைக்குள் ஓடி வந்தவர் வண்டியைப் பார்த்ததும் எட்டிக் கதவின் பிடியைப் பிடித்தார்.

"மாமா, இது நல்லால்ல. வண்டியை நிறுத்துங்க."

"வண்டி நின்னுகிட்டுதான் இருக்கு மாப்பிள்ளை" என்றார் பிக்கப்காரர். சொல்லிவிட்டுத் தன் பக்கக் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தார். வண்டி ஒரு முழம் ஏறியது. பிடி கையிலிருந்து நழுவியது. மறுபடி வைத்தார், மறுபடி வைத்தார். மாப்பிள்ளையின் முகம் ஜன்னலில் சின்னதாகிக்கொண்டே போய், கடைசியில் அவர் வீட்டுத் தகரக் கூரை மட்டும் தெரிந்தது.

மூச்சு வாங்கியது அவருக்கு. "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றார் மகளிடம். "இதுலேர்ந்து எப்படி இறங்குறதுன்னு எனக்குத் தெரியாது. உன்னையும் கொண்டுவந்து இங்க அடைச்சிட்டேன்."

மகள் கதவின் மேல் இருந்த பூட்டுக் குமிழை அழுத்தினாள். டக்கென்றது. தூக்கினாள், மறுபடி அழுத்தினாள். அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே நாலைந்து முறை அப்படிச் செய்தாள்.

"பரவால்லப்பா. இது உள்பக்கமாப் பூட்டுது" என்றாள்.

கீழே அவள் அம்மா போனில் விஷயத்தைக் கேட்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அவளை பெல்ட் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள். அன்று மத்தியானத்திலிருந்து வாளியில் இரண்டு தட்டு ஏறுகிறது. கயிறு ரொம்ப நீளம் என்பதால் சாப்பாடு போய்ச் சேரும்போது ஆறிவிடுகிறது, அதுதான் குறை. மச்சினன் வெள்ளிக்கிழமை தோறும் வந்து நான்கு டயரிலும் காற்று பார்த்துவிட்டுப் போகிறான். எல்லாம் சரியாக இருக்கிறது.