பிளேடு எந்த ஓரம்

என் புருஷன் ரெஜினோல்டின் வலக்கைப் பெருவிரல் நுனி ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலரில் நசுங்கிப்போய் நாலு மாதம். நகம் போனதைவிட அவர் பேச்சு போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தெரணியகலைத் தோட்டத்து நேசரியில், அதான் நாற்றுப் பண்ணையில், ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்ட அவரை விட்டால் ஆள் கிடையாது. 2003 பிறப்பதற்குள் கத்தி பிடிக்காவிட்டால் இனிமேல் புல்லு வெட்டத்தான் என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லிவிட்டார்.

அவருடையது மடக்குக் கத்தி. பிளேடு, பட்டையைக் கிளப்பும் தகடு, கத்தரி, போத்தல் திறப்பான் என்று பிடிக்குள் நாலு அடுக்கு. எல்லாம் வலக்கை நகத்தால் இழுக்கிற மாதிரிச் செய்தவை. இடக்கையால் நோண்டிப் பார்த்துவிட்டு, ஒருநாள் கோபத்தில் கட்டிலுக்கடியில் எறிந்துவிட்டார். அவர் அழுத்தக்காரர், நான் அவரைவிட அழுத்தக்காரி. சொல்லாமல் கொள்ளாமல் அதை எடுத்துக்கொண்டு, டவுனில் மணிக்கூடு திருத்தும் மஷூர் நானாவிடம் போனேன்.

நானா ஆணியைத் தட்டிக் கழற்றி நாலையும் பேப்பரில் பரப்பினார்.

"எது எங்க வரணும், தங்கச்சி?"

வேலை நடக்கிற வரிசையில்தானே? முதலில் பட்டையைக் கீற வேண்டும், பிறகு நல்ல இனத்து மொட்டைச் செருக அதைக் கிளப்ப வேண்டும். இடக்கை நகம் எட்டுகிற ஓரத்தில் பிளேடு, அதை ஒட்டியே தகடு என்றேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

நானா அப்படியே மாட்டித் தந்தார். வீட்டில் கொண்டுவந்து நீட்டினேன், பிளேடு அவருக்குச் சுளுவாகத் திறந்தது. அடுத்துத் தகட்டை இழுத்தவர் "ஆ!" என்றார். திறந்து நின்ற பிளேடு இடக்கைப் பெருவிரலைக் கீறிவிட்டது.

"பாவி நான், இருந்த ஒரு வெரலையும்..." என்று அழுதேவிட்டேன்.

அவர் சிரித்தார். நாலு மாதத்தில் முதல் தடவை.

"ஏன்டி லூர்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா கை எப்புடி போகும்? பிளேடு இந்த ஓரம், தகடு அந்த ஓரம். கத்தரி நடுவுல கெடக்கட்டும்."

"போத்தல் தொறக்கிறது?"

"அத நானாவுக்கே குடுத்துரலாம். நாளைக்கு நானே வாறேன்."

மார்கழி பிறக்கும் முன்னே நாற்பது கன்றுக்கு இடக்கையால் ஒட்டுக் கட்டினார். மூன்று வாரம் கழித்துத்தான் ஒட்டைச் சுற்றிக் கட்டின பொலித்தீனைப் பிரித்து, ஒட்டின பட்டையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். பச்சை என்றால் பிடித்துவிட்டது, பழுப்பு என்றால் செத்துவிட்டது. துரையும் வந்து நின்றார்.

"நீயே சொரண்டு லூர்து. எனக்குப் பயமா இருக்கு."

நேசரியில் கன்றுப் பைக்கு மண் நிரப்புகிறவள் நான், எனக்கும் தெரியும். முதல் கன்று பழுப்பு. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாவது பச்சை. மூன்றாவதும் பச்சை. நாற்பதில் முப்பத்து நாலு கன்று பச்சை.

"ரெஜினோல்ட், நாளைக்கு எத்தன கன்னு கட்டுவ?" என்றார் துரை.

அவர் என் கையிலிருந்த கத்தியை வாங்கி, செத்துப்போன அந்த முதல் கன்றின் மறுபக்கத்துப் பட்டையில் இடக்கையால் கீறத் தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொலித்தீனைக் கிழித்துக் கொடுத்தேன்.