எங்க கைக்கு வர்றவங்க

அக்கா வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் இறந்தவர்களின் மூளையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். கேட்பவருக்குக் குமட்டும். அவளுக்கோ கை தானாக ஓடும். பழகிவிட்டால் பிணமும் பண்டம்தானே. அந்தப் பழக்கம்தான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது.

தம்பி வேலையை விட்டுவிட்டுக் கட்டிலோடு கிடந்தான். குளியல் கிடையாது, கூப்பிட்டால் ஒரு 'ம்' கூடக் கிடையாது. மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ் ஓட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய அப்பாவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. "தின்ன சோறு செரிக்க நாலு வேலை செய்யணும். அதுக்கு எதுக்கு மாத்திரை?" என்பார், தம்பியின் காதில் விழும்படியாகவே. அவர் சொல்லச் சொல்ல, தம்பி மாத்திரையைத் தொடுவதையே விட்டுவிட்டான். இவர் வாயை அடைக்காமல் அவனைக் காப்பாற்ற முடியாது என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்துப் படங்கள் இரண்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். தம்பியையும் இழுத்துவந்து உட்கார வைத்தாள்.

"அப்பா, மூளையில பேசுறது நரம்பு செல். அதுக்கு ஊட்டிவிடுறது, அது சிந்துறதைத் துடைக்கிறது எல்லாம் பக்கத்துல இருக்கிற கிளியா செல். நட்சத்திரம் மாதிரி இருக்கே, அதான். இது நல்லா இருந்தவரோடது. இது மனச்சோர்வு வந்தவரோடது. நீங்களே பாருங்க."

ஒன்றில் நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றும், அதுவும் நோஞ்சானாக.

"துடைக்க ஆள் இல்லைன்னா சிந்தினது தேங்கிடும். நரம்பு செல் திணறும். அப்புறம் எழுந்திரு, குளின்னு உத்தரவு எங்கேருந்து வரும்? இது சோம்பல் இல்லப்பா."

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அடப்பாவமே," என்றார், தம்பியின் பக்கம் திரும்பி. அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

தம்பி அந்த இரண்டாவது படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இவரு உயிரோட இருக்கும்போது எடுத்ததா?"

"இல்லடா. தானமா வந்தது."

"எப்படிச் செத்தாரு?"

 மனச்சோர்வு என்று ஆய்வுக்கூடத்தில் பிரித்து வைத்திருந்தவர்களில் அநேகம் பேர் ஒரே வழியில்தான் போயிருந்தார்கள். பார்த்துப் பார்த்து, அது ஒரு ஆள் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம், பாவி மகளுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை.

"அவரே முடிச்சுக்கிட்டாரா?" என்றான் தம்பி.

"செத்தவங்கதான்டா எங்க கைக்கு வர்றவங்க. பிழைச்சவங்க மூளையை யாரு சீவிப் பார்ப்பா? அவங்க பாட்டுக்கு எங்கேயோ வேலைக்குப் போய்க்கிட்டு இருப்பாங்க." சொன்னது அத்தனையும் உண்மைதான்.

தம்பி படத்தைக் கவிழ்த்து வைத்தான். "எனக்கும் அப்படித் தோணாம இல்லக்கா," என்றான்.

அப்பா எழுந்துபோய்த் திருப்புளியை எடுத்துவந்து, தம்பி அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்ற ஆரம்பித்தார். திருப்புளி வழுக்கிக்கொண்டே இருந்தது. கதவும் நிற்காமல் ஆடியது.

தம்பி எழுந்துபோய்க் கதவை ஆடாமல் பிடித்துக்கொண்டான்.