கருப்பாடு

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த காகிதத்தை எங்களுக்குப் படித்துச் சொன்னது லோகநாதன்தான். எஸ்.எஸ்.எல்.சி. பெயில் என்றாலும் எங்கள் லோடிங் செக்‌ஷனில் அவன்தான் இங்கிலீஷ்காரன். விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினான்.

"பிளாக் ஷீப். கருப்பு ஆடு. நம்ம செக்‌ஷன்ல ஒண்ணு கீதாம். அத்தக் கண்டுபுடிச்சி வெளிய தள்ளணுமாம்."

யாரும் சந்தேகப்படவில்லை. எழுபத்தெட்டில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் எழும்பியபோது, நேற்றுவரை மேய்ச்சலாக இருந்த நிலத்துக்குத்தான் கம்பி வேலி போட்டார்கள். ஆட்டுக்கு அது தெரியுமா? தினமும் நுழைந்து ஆபீஸ் முன்னால் வைத்த குரோட்டன்ஸ் செடிகளை மொட்டையடித்துவிட்டுப் போகும். எங்கள் செக்‌ஷனில் கருப்பு ஆடு வைத்திருந்தது இரண்டே பேர், நானும் லோகநாதனும். ஒரே தாய் போட்ட குட்டிகள். அவனுக்கு மகள் பிறந்தபோது என் பெண்டாட்டி எல்லம்மா ஒன்றைக் கொடுத்தாள். அவனுடையது வாசலைத் தாண்டாத சாது. வேலிக்குள் நுழைவது என்னுடையது. கட்டிப் போடு அண்ணாத்தே என்று அவன் சிரித்தான். நான் கட்டவில்லை. சினை ஆடு, கட்டினால் தீனிக்கு எங்கே போவது?

மறுநாள் பெர்சனல் ஆபீசர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பம்பாய்க்காரர், தமிழ் அரைகுறை.

"பிளாக் ஷீப் யாரு? பேர் மட்டும் சொல்லு."

யாருடையது என்று கேட்கத் தெரியாமல் யாரு என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. லோகநாதன் பர்மனென்ட் ஆள், ஆட்டுக்காக ஒரு திட்டு வாங்கினால் தாங்குவான். அவன் பெயரைச் சொன்னேன். ஆபீசர் எழுதிக்கொண்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு ஆட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று தோன்றியது.

அடுத்த நாள் காலை லோகநாதனை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பிளாக் ஷீப் விஷயம், உள்ளே விடக்கூடாது என்று ஆர்டராம். ஆட்டுக்காக ஆளை நிறுத்துவார்களா என்று டைம் ஆபீஸ் கிளார்க் சுப்பராயனிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆடா? ஸ்டோர்ஸ்ல செம்புக் கம்பி திருடு போய்க்கினு கீதுப்பா. கூட இருந்துக்கினே குழி பறிக்கிறவனத்தான் இங்கிலீஷ்ல அப்டி சொல்றது. எவனோ அவன் பேர சொல்லிக்கீறான்."

ஆபீசர் அறை வாசல்வரை மூன்று முறை போனேன். நான் சொன்னது ஆட்டை என்று சொன்னால், அது நிஜமாகவே யாருடைய ஆடு என்று கேட்பார். மூன்று முறையும் திரும்பி வந்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது லோகநாதன் கேட்டருகே நின்றிருந்தான். கையில் சுருட்டிய கயிறு. ஆட்டைப் பக்கத்து ஊர் ஆரணிச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டு வந்திருக்கிறான். இனி ஆடு இல்லை, நாளைக்கு உள்ளே விடச் சொல்லுங்கள் என்று வாட்ச்மேனிடம் கயிற்றைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். வாட்ச்மேனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என்னைப் பார்த்ததும் வந்தான்.

"எந்த நாயோ போட்டுக் குடுத்துக்கீது அண்ணாத்தே. போவட்டும். இந்தா, இத்த வச்சிக்கோ. உன் ஆட்டயாச்சும் கட்டி வையி."

வாங்கிக்கொண்டேன். கயிற்றில் ஆட்டு வாடை போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், குரோட்டன்ஸ் நடுவே, வயிறு தொங்க என் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.