மூன்றாவது ஒத்திகை

ரயில் இரண்டாம் முறையும் பின்னோக்கி நகர்ந்து வந்து கோலாலம்பூர் ஸ்டேஷனில் நின்றபோது உர்சுலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடியற்காலையிலிருந்து அழுது முகம் வீங்கிப் போயிருந்தவள். சயாமில் தண்டவாளம் போட ஆள் கொண்டுபோகிற ரயில் அது. உள்ளே அவள் புருஷன் இருதயம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் புகுந்து பெயர் எழுதியபோது ஜப்பான்காரன் அவனையும் எழுதிக்கொண்டான். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவானாம். ஒருவரும் அதை நம்பவில்லை; ஆனாலும் ஒருவருக்கொருவர் அதையே சொல்லிக்கொண்டார்கள். போன மாதம் போனவர்களை அரிசி ஏற்றுகிற இரும்புப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். இன்றைக்குச் சினிமா பிடிக்கிறார்கள் அல்லவா, ஜன்னல் வைத்த பெட்டி வந்திருந்தது.

டைரக்டர் பெயர் மோரி. ஒல்லியான ஆள், பட்டாளத்துக்காரர்களைப் போலக் கத்தத் தெரியாதவர். முதல் தடவை, கூட வந்த அதிகாரி பெண்களைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தி, கையில் கொடியைத் திணித்துச் சிரிக்கச் சொன்னான். சிரித்தார்கள். மோரி தலையில் கை வைத்துக்கொண்டார். கொடிகளைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, மனசுபோல இருங்கள் என்றார். இரண்டாம் தடவை எல்லோரும் காமிராவைப் பார்த்துக்கொண்டே ஒப்பாரி வைத்தார்கள். அதுவும் அவருக்கு ஒப்பவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டேஷன் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, மொழிபெயர்க்க வந்த விஜயன் காதில் ஏதோ சொன்னார்.

"அக்கா, இப்ப படம் எடுக்கல லா. இது சும்மா ஒத்திக. ஜன்னல்கிட்டயே போய் பேசுங்க. ரயிலு கொஞ்ச தூரம் போய்ட்டுத் திரும்பி வந்துரும். அடுத்த வாட்டிதான் நெசம்" என்றான் விஜயன்.

உர்சுலா ஜன்னலுக்கு ஓடினாள். கயிறு இல்லாத மேடை அவளுக்குத் திருவிழாவாக இருந்தது. இருதயத்தின் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்ததைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். இந்த மூஞ்சியை எந்தச் சினிமாவில் பார்ப்பார்கள் என்று கேலி செய்தாள். அவனும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

சிரித்துக்கொண்டே நெற்றியை நீட்டினான். வேலைக்குப் போகும்போதெல்லாம் அவள் கட்டைவிரலால் அங்கே ஒரு சிலுவை வரைவாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை.

"இப்ப வேணாங்க. ஒத்திகைக்கெல்லாம் சிலுவ போடுவாங்களா? சாமி என்ன வெளாட்டா? நெசமா போறப்ப போடுறேன்."

"சரிடி. அப்ப மறந்துராத."

விசில் ஊதியது. ரயில் நகர்ந்தது. நாலு எட்டு கூடவே நடந்தவள், இந்தத் தடவையாவது சரியாகச் செய்தோமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத் திரும்பி மோரியைப் பார்த்தாள். அவருக்குப் பக்கத்தில் காமிரா ஓடிக்கொண்டிருந்தது. மோரி அவளைப் பார்த்து இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்.

ரயில் திரும்பி வரவில்லை. பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, அடுத்த வாட்டிக்குத் தயாராக நின்றார்கள். காமிராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகும் நின்றார்கள்.

"தம்பி, எப்பப்பா திரும்பும்?" என்று உர்சுலா கேட்டாள். விஜயன் தரையைப் பார்த்தான்.

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க, அக்கா."

எட்டு மாதம் கழித்து அந்தப் படம் பிரிக்பீல்ட்ஸ் கொட்டகைக்கு வந்தது. அதற்குள் சயாமிலிருந்து கடுதாசி ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்த இரண்டு பேர் வாந்திபேதி என்று மட்டும் சொன்னார்கள். யார் யாருக்கு என்று சொல்லவில்லை. உர்சுலா மத்தியான ஆட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மற்ற ஜப்பான் படங்களைப் போலக் கொடியும் பேச்சும் இல்லை. வெறும் முகங்கள். பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். "இவன் ஒருத்தன்தான் நெசத்த எடுத்திருக்கான்" என்று ஒரு ஆள் சொன்னது அவள் காதில் விழுந்தது.

திரையில் அவள் சிரித்தாள். பொத்தான் போட்டாள். ரயில் நகர்ந்தது. நாலு எட்டு நடந்து, திரும்பி நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால், அவள் அன்றைக்குப் பார்க்காதது தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, கண்ணை மூடி, நெற்றியைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டே இருதயம் போனான். இதுதான் நெசம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்ததோ, தெரிந்திருக்கிறது.

பாவி, ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். அந்த இடம் வந்ததும் முன்வரிசையில் எழுந்து நின்று, கட்டைவிரலைத் திரைக்கு நேரே உயர்த்தினாள். பின்னாலிருந்தவர்கள் மறைக்குது, உட்காரும்மா என்று சத்தம் போட்டார்கள். அவள் உட்காரவில்லை. பிதா என்று மேலிருந்து கீழே இழுத்தாள். சுதன் என்று குறுக்கே விரலைக் கொண்டுபோவதற்குள் குனிந்த அந்தத் தலை திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது.