கூட்டல் குறி போட்ட பெயர்கள்

2004இல் நாகல் நகரில் எனக்கொரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளர் அமலராணி டீச்சர், ஆண்டு விழாவுக்காக அறுநூறு முகவரிகளை எக்செல்லில் அடித்து ஒரு பிளாப்பியில் கொண்டுவந்தார். பெயர்களுக்கு முன்னும் நடுவிலும் நட்சத்திரம், கோடு, கூட்டல் குறி, தேவையில்லாத இடைவெளி. ஒரு மேக்ரோ எழுதினேன். பெயரில் எழுத்தைத் தவிர மற்ற எதுவும் தங்காது. ஒரு நிமிடத்தில் பட்டியல் சுத்தமாகிவிட்டது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட அமைதி எனக்குப் பிடிக்கும்.

லேபிள் ஒட்டிய அழைப்புக் கார்டுகள் தபாலில் போன மூன்றாம் நாள் டீச்சர் வந்தார். திரையைப் பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ரஃபி, சிலுவையெல்லாம் எங்கப்பா?”

“எந்தச் சிலுவை டீச்சர்?”

“இறந்தவங்க பேருக்கு முன்னால போடுறதுதான். கீபோர்டுல சிலுவை இல்லையேன்னு கூட்டல் போட்டேன். அவங்களுக்கு கார்டு கிடையாதுன்னு உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேனே.”

மொத்தம் பத்தொன்பது பேர். என் அத்தா இறந்த பிறகு அவர் பெயருக்கு வந்த கல்யாணப் பத்திரிகையை அம்மா ஒரு பகல் முழுக்க மடியிலேயே வைத்திருந்தார். இப்போது பத்தொன்பது வீடுகளில் அப்படி ஒரு பகல். ஆட்களிடம் பேசிப் பழகாதவன் நான். இருந்தும் டீச்சரின் நோட்டிலிருந்து முகவரிகளை எழுதிக்கொண்டு, கார்டுகளைத் திரும்ப வாங்கிவரக் கிளம்பினேன்.

முதல் பெயர் கிறிஸ்துராஜ், தாடிக்கொம்பு. கதவைத் திறந்த பெரியவரின் சட்டைப் பையில் எங்கள் கார்டு தெரிந்தது.

“கிறிஸ்துராஜ் சார் வீடு...” என்று இழுத்தேன்.

“நாந்தான். என்ன வேணும்?”

நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

“ஏலே, நான் செத்தது எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது. கூட இருந்த தம்பி போய் எட்டு வருசமாச்சு. வருசா வருசம் அவனுக்கு கார்டு வருது, எனக்கு வரல. டீச்சருக்கு என்மேல என்ன கோவமோன்னு நானும் கேக்காமலே இருந்துட்டேன்.”

தம்பிக்குப் போடவேண்டிய சிலுவையை டீச்சர் அண்ணனுக்குப் போட்டுவிட்டார்.

“மிச்சம் பதினெட்டு வீடா? உனக்குப் பேச்சு வராது போலிருக்கு. இரு, செருப்ப மாட்டிட்டு வாரேன்.”

பைக்கில் என் பின்னால் ஏறிக்கொண்டார். ஒவ்வொரு வாசலிலும் முதலில், தான் செத்த கதையைச் சொன்னார். அவர்கள் சிரித்து முடித்த பிறகு நான் கார்டைக் கேட்டேன்.

சின்னாளப்பட்டியில் மரியசெல்வி என்ற அம்மா மட்டும் கணவர் பெயருக்கு வந்த கார்டைத் தரவில்லை.

“அவுக பேருக்குத்தான வந்திருக்கு? அவுகளுக்குப் பதிலா நான் வாரேன். சாப்பாடு உண்டுல்ல?”

“உண்டு” என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் எந்த வீட்டிலும் கார்டைத் திரும்பக் கேட்கவில்லை; வீட்டில் இருப்பவர்களை விழாவுக்கு வரச் சொன்னோம். வழியில் ஒரு பூத்திலிருந்து டீச்சருக்கு போன் செய்து, முன்னால் இன்னொரு வரிசை நாற்காலி போடச் சொன்னேன்.