மவுஸை ஆட்டும் வேலை

மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது தன் கம்ப்யூட்டரை என்னிடம் விட்டுப் போனாள். கட்டட வரைபடம் போடுகிற சாஃப்ட்வேர் இதில்தான் இருக்கிறதாம். அங்கிருந்தே லேப்டாப் வழியாக இதற்குள் நுழைந்து வேலை செய்வாள். இந்த மகாராஜாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும். தூங்கிவிட்டால் அவளால் உள்ளே வர முடியாது. நான் ஃபிட்டராக இருந்த தொழிற்சாலையில் ஒரு மெஷின் இப்படித் தூங்கியிருந்தால் என் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

உடனே போன் வரும்.

"அப்பா, தூங்கிடுச்சு. மவுஸைக் கொஞ்சம் ஆட்டுங்களேன்."

ஆட்டுவேன். அது முழித்து, அவள் உள்ளே வரும்வரை பேசுவாள். சாப்பிட்டீங்களா, முட்டி வலி எப்படி இருக்கு என்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் "வந்துட்டேம்பா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவாள். மனைவி போன பிறகு இந்த வீட்டில் நான் வாய் திறப்பதே அப்போதுதான்.

ஒருநாள் அவள் ஆபீஸ் டெக்னீஷியன் கூப்பிட்டார். அங்கே அமுக்கு, இங்கே அமுக்கு என்று சொல்லி, கம்ப்யூட்டர் தூங்கவே கூடாது என்று மாற்ற வைத்தார்.

"இனிமே உங்களுக்குத் தொல்லையே இருக்காது சார்."

நல்ல மனுஷர். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.

தொல்லை நின்றேவிட்டது. வாரம் முழுக்க போன் ஊமையாகக் கிடந்தது. மகளின் அறையில் கம்ப்யூட்டர் விசிறி மட்டும் உறுமும். உள்ளே அவள் வேலை செய்கிறாள் என்று அர்த்தம். போய்ப் பார்த்தால் திரை பூட்டியிருக்கும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாத மாதிரி இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் வேலையை முடித்த ஒரு மாலையில், டெக்னீஷியன் காட்டிய வழியிலேயே போய்ப் பழையபடி தூங்கும்படி மாற்றி வைத்தேன்.

மறுநாள் காலையில் போன்.

"அப்பா, மறுபடியும் தூங்கிடுச்சுப்பா!"

"அப்படியா? என்ன ஆச்சோ தெரியலையேம்மா."

ஒன்றும் தெரியாதவன்போல மவுஸை ஆட்டினேன். முட்டி வலியைக் கேட்டாள். இல்லாத வலியையும் சேர்த்துச் சொன்னேன்.

சில நாள் நன்றாகத்தான் போனது. ஒருநாள் போனை வீட்டில் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் ஏழெட்டு அழைப்பு. பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"வரைபடத்தை நேரத்துக்குக் குடுக்க முடியலப்பா. மேனேஜர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். பரவாயில்ல, இங்கேயே புது கம்ப்யூட்டர் தர்றாங்க. இனிமே உங்களை அலைய விடமாட்டேன்."

"எனக்கென்னம்மா அலைச்சல், சும்மாதானே இருக்கேன்."

"பாவம்பா நீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நேற்று நானே கூப்பிட்டேன்.

"என்னப்பா, ஏதாவது அவசரமா?"

உன் குரலைக் கேட்கணும்போல இருந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. கம்ப்யூட்டர் தூங்கிடுச்சு."

"தூங்கட்டும்பா. அதுதான் இப்போ எனக்கு வேணாமே."

"அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டு, போய் மவுஸை ஆட்டினேன்.