டிரைவருக்குத் தற்காலிகப் பாதுகாப்பு

எங்கள் வீட்டில் இரண்டு குளியலறைகள். ஒன்றில் நாங்கள் குளிக்கிறோம். இன்னொன்றில் என் மீன்கள் குடியிருக்கின்றன.

மீன் என்றதும் கண்ணாடிக் கிண்ணத்தில் சுற்றும் தங்கமீனை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவை கடல்மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். வாங்கி வளர்ப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வீட்டிலேயே குஞ்சு பொரிக்கவைத்து ஆளாக்குவதுதான் பைத்தியக்காரத்தனம். எனக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்தான்.

பொரிந்த குஞ்சு கண்ணிமை மயிர் அளவுதான் இருக்கும். அந்தக் குஞ்சுத் துரை உயிரோடு நீந்துகிற தூசியைத்தான் தின்பார். அந்தத் தூசிக்கு ரோட்டிஃபர் என்று பெயர். ரோட்டிஃபர் பச்சைப் பாசித் தண்ணீரைத் தின்னும். பாசி வெயிலைத் தின்னும். இத்தனை பேருக்கும் சமையல்காரன் நான் ஒருவன். பிழைப்புக்குப் பல்செட் செய்கிற பட்டறையில் வேறு வேலை பார்க்கிறேன்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருபவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடி ஊரையே நடுங்கவைப்பவள். பொரிந்த குஞ்செல்லாம் உடம்பில் பட்டை விழுவதற்குள் செத்துப்போவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. பட்டை விழுந்துவிட்டால் குஞ்சு பிழைத்த மாதிரிதான். ஆனால் அதுவரை ஒன்றுகூட வந்ததில்லை.

"இந்தத் தடவை ஒரே ஒரு குஞ்சுக்காவது பட்டை விழணும். இல்லன்னா எல்லாத்தையும் மீன் கடைக்காரர்கிட்டயே குடுத்துட்டு, பாத்ரூமைக் கழுவி விட்டுருங்க" என்றாள். அதுவரை புதுச் சாமான் எதுவும் வாங்கக் கூடாதாம். தண்ணீருக்குள் காற்று விடுகிற உபரிப் பம்ப் அந்த வாரம் பார்த்து மண்டையைப் போட்டது.

ஜோடிக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். கோமாளி மீனில் பெரியது பெண். தொட்டியில் அவள் வைத்ததுதான் சட்டம். அதனால் அவள் ஓனரம்மா. அவளுக்குப் பாதி அளவில், அவள் பின்னாலேயே ஓடுகிற ஆண், டிரைவர். ஓனரம்மா ஓட்டுத் துண்டின் மேல் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுவாள். டிரைவர்தான் அல்லும் பகலும் துடுப்பால் விசிறி, கெட்ட முட்டையைப் பொறுக்கி எறிந்து காவல் காப்பான். நடுவில் ஓனரம்மா வந்து ஒரு கடி கடிப்பாள். அவன் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை உதறி நடுங்குவான். 'நீதான் பெரியவ, ஒத்துக்கிட்டேன்' என்று அர்த்தம். இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

அப்போதுதான் என் அக்கா வந்தாள்.

அக்கா குடும்ப ஆலோசகர். அடித்துக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டிகளை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைப்பது அவள் தொழில். ஏதோ கருத்தரங்குக்காக வந்தவள், அங்கே போகாமல் தொட்டி எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடா இது, இந்தப் பொம்பள அவனை இந்தக் கடி கடிக்கிறா?"

"அது அவங்க பழக்கம்க்கா. அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

"அடி வாங்குற வீட்ல எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்வாங்க." சொல்லிவிட்டு, அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ நல்லா இருக்கியாடா?"

மறுநாள் முட்டைகளுக்குள் வெள்ளிக் கண்கள் மின்னின. அப்படியென்றால் அன்று மாலை இருட்டியதும் பொரிந்துவிடும். குஞ்சுகளுக்கான வாளியில் பச்சைத் தண்ணீரும் ரோட்டிஃபரும் தயாராக வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு நான் செய்த பல்செட்டில் கடைவாய்ப்பல் முன்னால் வந்துவிட்டது. முதலாளி அரை நாள் விடுப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வந்து பார்த்தால் வாளிக்குள் டிரைவர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கிறான்.

"தற்காலிகப் பாதுகாப்பு" என்றாள் அக்கா, கையில் டீ வடிகட்டியோடு. "ரெண்டு பேரும் கொஞ்சம் தனித்தனியா இருந்து யோசிக்கட்டும்."

"அக்கா, அவன்தான் முட்டைக்குக் காவல்!"

"பிள்ளைங்களுக்காகச் சகிச்சுக்கிட்டு வாழணுமா அவன்?"

விசிறுகிறவன் இல்லாமல் ஒரு ஓரத்து முட்டைகள் வெளுத்துவிட்டிருந்தன. டிரைவரைத் தொட்டிக்குள் விட்டேன். ஓனரம்மா வீட்டை விட்டு ஓடிப்போனவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவன் நடுங்கவும் நேரம் கொடுக்கவில்லை, ஒரே விரட்டு. அவன் குழாய்க்குப் பின்னால் போய்ப் பதுங்கியவன் வரவேயில்லை. முட்டைமேல் காற்று விடலாம் என்று, இருக்கிற ஒரு பம்பைப் பாசி வளர்கிற பாட்டிலிலிருந்து எடுத்தால் ரோட்டிஃபர் பட்டினி. எல்லாம் போயிற்று என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி வந்து வாசலில் நின்றாள். நடந்ததை அக்காவே சொன்னாள். அதுவரை தைரியமாக இருந்தவளுக்குக் குரல் உள்ளே போய்விட்டது.

எனக்கு நிம்மதியாக ஒரு நினைப்பு வந்தது என்றால் நம்புவீர்களா? ஆக, மீன்கள் போகப்போகின்றன, சண்டையாவது ஓயும் என்று நினைத்தேன். ஆனால் மனைவி புடவையை இழுத்துச் செருகினாள்.

"ஏங்க, உங்க பட்டறையில ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு இருக்குமே, அது எங்க? அந்த ஓட்டுத் துண்டைத் தூக்கி வாளிக்குள்ள சாய்ச்சு வைங்க. அண்ணி, நீங்க பிரிச்சீங்க, நீங்களே விசிறுங்க."

"எவ்வளவு நேரம்மா?"

"பொரியிற வரைக்கும்."

பட்டம் பல வாங்கிய என் அக்கா, வாளி முன் மண்டியிட்டு, சிரிஞ்சால் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி முட்டைமேல் மெல்லப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நிறுத்தினால் "அண்ணி!" என்று பின்னாலிருந்து குரல் வரும். பிரேக் போடச் சொல்கிற அதே குரல்.

"இதைத்தான் அவன் நாளெல்லாம் செய்றானாடா?" என்றாள் என்னிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "கூடவே கடியும் வாங்கிக்கிட்டு?"

மாலையில் மனைவி ஜன்னலைப் போர்வையால் மூடி வீட்டு விளக்கையெல்லாம் அணைத்தாள். மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். பிறகு டார்ச் அடித்தபோது வாளியின் ஓரத்தில் வெள்ளிப் பொடி சிதறியது போல் குஞ்சுகள்.

அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் ஊருக்குப் போனபின் தினமும் போன். எடுத்ததும் "டிரைவர் எப்படிடா இருக்கான்?" என்பாள். அவன் பழையபடி கடி வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். குஞ்சுகள்தான் சரியில்லை. தினமும் கொஞ்சம் செத்தன. கடைசியில் விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு காலையில், "ஏங்க, இங்க வாங்க" என்றாள் மனைவி. மிச்சமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே போனேன். வாளி முன் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணுக்குப் பின்னாடி பாருங்க."

ஒரே ஒரு குஞ்சு. கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் கீற்று. மேலிருந்து கிளம்பி, உடம்பின் பாதிவரை வந்து நின்றுவிட்டிருந்தது. மறுபக்கம் அதுவும் இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். பொய் சொல்லி ஜெயிக்க மனசு வரவில்லை. "இது பாதிப் பட்டைதான். கணக்குல சேராது" என்றேன்.

வீடு பார்க்க வந்த காலத்தில் இரண்டு குளியலறை இருந்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் ஒன்று போதாது என்று வாதாடினாள். பிள்ளைகள் பிறக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதையும் எப்போதோ விட்டுவிட்டோம்.

"நம்ம ரெண்டு பேருக்கு ஒரு பாத்ரூம் போதும்ங்க" என்றாள், குஞ்சைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் தோளைப் பிடித்து வாளியிலிருந்து தள்ளிவிட்டாள்.

"அழறதுன்னா வெளியே போய் அழுங்க. இதுல உப்பு சரியா இருக்கு."